விஓஐபி தொலைபேசியில் ஃபேக்ஸ் இயந்திரம்

செம்புக் கம்பி இணைப்பை விட்டுவிட்டு, இன்டர்நெட் வழியே இயங்கும் விஓஐபி தொலைபேசிக்கு மாறும் அலுவலகங்களில் பேச்சு அநேகமாக முதல் நாளே சரியாகிவிடுகிறது. ஃபேக்ஸ் மட்டும் மாதக்கணக்கில் இழுக்கிறது. தொலைபேசியையும் ஃபேக்ஸையும் இன்டர்நெட்டோடு சேர்க்கும் அடாப்டர் ஒன்றுதான், இன்டர்நெட் இணைப்பும் ஒன்றுதான். பேசினால் தெளிவாகக் கேட்கிறது. தாளை வைத்து அனுப்பினால் இரண்டாம் பக்கத்திலேயே அறுந்துவிடுகிறது. ஒரு எண்ணுக்குப் போகிற தாள் இன்னொரு எண்ணுக்குப் போவதில்லை, காலையில் போனது மாலையில் போவதில்லை. இயந்திரம் பழுது என்று நினைத்துப் புதிது வாங்கினாலும் நிலைமை மாறுவதில்லை. கோளாறு பெரும்பாலும் இயந்திரத்தில் இல்லை. மனிதப் பேச்சுக்காகச் சமைத்த வழியில் மோடம் ஒலியை அனுப்புவதுதான் சிக்கலின் வேர்.

ஃபேக்ஸையே கைவிட்டுவிடலாமே என்ற கேள்வி நியாயமானது. பல நாடுகள் அதற்கு முயன்றும் இருக்கின்றன. அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீட்டுத் துறைத் தலைவராக இருந்த சீமா வர்மா, 2020க்குள் மருத்துவர் அலுவலகங்களில் ஃபேக்ஸே இருக்கக்கூடாது என்று 2018 ஆகஸ்டில் அறைகூவல் விடுத்தார். அது நடக்கவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் இங்கிலாந்தின் தேசிய நலவாழ்வுச் சேவை மருத்துவமனைகள் புதிய ஃபேக்ஸ் இயந்திரம் வாங்கத் தடை அறிவிக்கப்பட்டது. ஜப்பானில் 2021இல் அமைச்சர் கோனோ தாரோ அரசு அலுவலகங்களிலிருந்து ஃபேக்ஸை அகற்றச் சொன்னபோது, துறைகளிலிருந்து நூற்றுக்கணக்கான ஆட்சேபங்கள் வந்து அந்த முயற்சி பின்வாங்கியது. மருத்துவம், மருந்துக்கடை, நீதிமன்றம், காப்பீடு ஆகிய துறைகளில் ஃபேக்ஸுக்கு இன்னும் சட்டப்படியான மதிப்பும் நடைமுறைப் பழக்கமும் உண்டு. தமிழ்நாட்டு அலுவலகங்களில் மின்னஞ்சலும் வாட்ஸ்அப்பும் அதன் இடத்தைப் பெருமளவு பிடித்துவிட்டன. ஆனாலும் அமெரிக்க மருத்துவமனைகளுக்கு மெடிக்கல் பில்லிங் செய்யும் சென்னை நிறுவனங்களுக்கு, அந்நாட்டுக் காப்பீட்டாளர்களோடு ஃபேக்ஸில் தாள் பரிமாறுவது இன்றும் அன்றாட வேலைதான்.

இன்னொரு பக்கம், ஃபேக்ஸைத் தாங்கிவந்த தொலைபேசி வலைப்பின்னலே மறைந்துவருகிறது. பிரிட்டனில் பழைய தொலைபேசி இணைப்புகளை நிறுத்தும் நாள் முதலில் 2025 டிசம்பர் என்றிருந்து, பிறகு 2027 ஜனவரிக்குத் தள்ளிப்போனது. ஜெர்மனி முன்பே ஐபிக்கு மாறிவிட்டது. இந்தியாவில் செம்புக் கம்பிக்குப் பதில் ஃபைபர் இணைப்பு வாங்கும்போது, வீட்டிலோ அலுவலகத்திலோ பொருத்தும் ஓஎன்டி பெட்டியின் பின்னால் உள்ள தொலைபேசித் துளை உண்மையில் ஒரு சிறிய விஓஐபி அடாப்டர். லேண்ட்லைன்தானே என்று அதில் ஃபேக்ஸைச் செருகுகிறவரும் தெரியாமலே இந்தச் சிக்கலுக்குள் வந்துவிடுகிறார்.

ஒரு பக்கம் போகும் விதம்

இன்று புழக்கத்தில் உள்ள ஃபேக்ஸ் இயந்திரங்கள் குரூப் 3 வகையைச் சேர்ந்தவை. அன்று சிசிஐடிடி என்றும் இன்று ஐடியு-டி என்றும் அழைக்கப்படும் அமைப்பு 1980இல் டி.4, டி.30 என்னும் இரு நெறிகளாக அதை வகுத்தது. படத்தை எப்படிக் குறிகளாக்குவது என்பது டி.4. இரு இயந்திரங்களும் ஒன்றோடொன்று எப்படிப் பேசிக்கொள்வது என்பது டி.30. விஓஐபியில் உடைவது பெரும்பாலும் இந்த இரண்டாவதுதான்.

அனுப்பும் இயந்திரம் எண்ணை அழைத்ததும் 1100 ஹெர்ட்ஸில் அரை விநாடி ஒலி, மூன்று விநாடி அமைதி என்று விட்டுவிட்டு ஒலிக்கிறது. எதிர்முனை எடுத்தவுடன் 2100 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய மூன்று விநாடி நீளும் ஒரே ஒலியால் பதில் சொல்கிறது. அதன்பின் கரகரவென்று கேட்பது விநாடிக்கு 300 பிட் வேகத்தில் நடக்கும் பேரம். எந்த வேகம் முடியும், என்ன நுணுக்கம், பிழைதிருத்த வசதி உண்டா என்று பெறும் இயந்திரம் தன் திறன்களைச் சொல்லும். அனுப்பும் இயந்திரம் அவற்றிலிருந்து தேர்ந்ததை அறிவிக்கும். உடனே அந்த வேகத்தில் ஒன்றரை விநாடிக்கு வெறும் பூஜ்யங்களாக அனுப்பி ஒத்திகை பார்க்கும். ஒத்திகை தேறினால்தான் பக்கம் புறப்படும். தேறாவிட்டால் 14,400 பிட்டிலிருந்து 12,000, 9,600, 7,200, 4,800, 2,400 என்று படிப்படியாக வேகம் இறங்கும்.

பக்கம் என்பது 1,728 புள்ளிகள் கொண்ட வரிகளின் அடுக்கு. சாதாரண நுணுக்கத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு 3.85 வரி. ஏ4 தாளில் ஏறக்குறைய 1,140 வரிகள், அதாவது இருபது லட்சத்துக்குச் சற்றுக் குறைவான புள்ளிகள். சுருக்காமல் அனுப்பினால் 14,400 பிட் வேகத்திலும் இரண்டு நிமிடத்துக்கு மேலாகும். வெள்ளை இடங்களைச் சுருக்கிவிடுவதால் சாதாரணக் கடிதம் அரை நிமிடத்துக்குள் போய்விடுகிறது. பக்கம் முடிந்ததும் மீண்டும் 300 பிட் பேச்சு: முடிந்தது, அடுத்தது உண்டு என்று ஒருவர், வந்து சேர்ந்தது என்று மற்றவர். பதில் மூன்று விநாடிக்குள் வராவிட்டால் அனுப்பியவர் திரும்பக் கேட்பார். மூன்று முறை கேட்டும் பதில் இல்லையென்றால் இணைப்பைத் துண்டிப்பார்.

இந்த ஏற்பாடு முழுவதும் இரண்டு நம்பிக்கைகளின் மேல் நிற்கிறது. அழைப்பு முடியும்வரை ஒலி இடையறாமல் வரும் என்பது ஒன்று. இரு முனைகளுக்கும் நடுவில் கால அளவு மாறாது என்பது மற்றொன்று. பழைய எக்ஸ்சேஞ்சுகள் இரண்டையும் காப்பாற்றின. ஐபி வலைப்பின்னல் இரண்டில் எதற்கும் உறுதி தருவதில்லை.

பாக்கெட்டுகளுக்கு நடுவே

விஓஐபியில் ஜி.711 என்னும் கோடெக், ஒலியை விநாடிக்கு 8,000 மாதிரிகளாக எடுத்து, ஒவ்வொன்றையும் 8 பிட்டாக்கி, 64 கிலோபிட் ஓட்டமாக்குகிறது. அதை 20 மில்லிவிநாடித் துண்டுகளாக வெட்டினால் விநாடிக்கு 50 பாக்கெட்டுகள், ஒவ்வொன்றிலும் 160 பைட் ஒலி. முகவரித் தகவல் 40 பைட் சேரும்போது ஓட்டம் 80 கிலோபிட்டாகிறது. ஜி.711 ஒலியைச் சிதைப்பதில்லை என்பதால் ஃபேக்ஸ் அதில் ஓரளவு பிழைக்கும். ஜி.729 போன்ற 8 கிலோபிட் கோடெக்குகளில் பிழைக்கவே பிழைக்காது. அவை மனிதத் தொண்டை எழுப்பக்கூடிய ஒலிகளை மாதிரியாக வைத்துச் சுருக்குபவை. மோடம் ஒலியின் கட்ட மாற்றங்களை அவற்றால் காப்பாற்ற முடியாது. ஃபேக்ஸ் போகும் எண்ணுக்கு ஜி.729 தேர்வாகிவிட்டால் மற்ற எந்த அமைப்பைத் திருகியும் பயனில்லை.

ஜி.711இலும் ஆபத்துகள் குறைவில்லை. ஒரு பாக்கெட் தொலைந்தால் அடாப்டர் முந்தைய ஒலியை நீட்டி இடைவெளியை நிரப்பிவிடும். காதுக்கு அது தெரியாது. மோடத்துக்கோ கட்டம் குதித்துவிடும். 14,400 பிட் வேகத்தில் அந்த 20 மில்லிவிநாடியில் 288 பிட்டுகள் போய்விடும். ஒரு நிமிடத்தில் 3,000 பாக்கெட்டுகள் என்னும்போது, பேச்சில் யாரும் கவனிக்காத ஒரு விழுக்காட்டு இழப்புகூட ஃபேக்ஸுக்கு நிமிடத்துக்கு முப்பது அடி. பாக்கெட்டுகள் முன்பின்னாக வருவதைச் சமன்செய்யும் ஜிட்டர் பஃபர் தானாகவே நீண்டு சுருங்கும் வகையாக இருந்தால், ஒவ்வொரு முறை அளவு மாறும்போதும் ஒலியில் ஒரு துண்டு கூடவோ குறையவோ செய்யும். மௌனத்தில் பாக்கெட் அனுப்பாமல் சேமிக்கும் வசதி, டி.30 பேச்சின் இடைவெளிகளை மௌனம் என்று கருதி அடுத்த ஒலியின் தொடக்கத்தை விழுங்கிவிடும். எதிரொலி நீக்கியும் மோடம் ஒலியில் தேவையில்லாமல் கைவைக்கும்.

இவற்றைவிட நுட்பமான எதிரி கடிகார விலகல். இரு முனை அடாப்டர்களிலும் தனித்தனி குவார்ட்ஸ் கடிகாரங்கள் ஓடுகின்றன. ஒன்று மற்றொன்றைவிடப் பத்து லட்சத்தில் 50 பங்கு வேகமாக ஓடுவதாகக் கொண்டால் விநாடிக்கு 50 மைக்ரோவிநாடி வித்தியாசம் சேர்கிறது. 400 விநாடியில், அதாவது ஆறு நிமிடம் நாற்பது விநாடியில், அது 20 மில்லிவிநாடியாகிறது. ஜிட்டர் பஃபர் இப்போது ஒரு முழு பாக்கெட்டை எறிய வேண்டும் அல்லது இல்லாத ஒன்றை உண்டாக்க வேண்டும். இணைப்பு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், ஒரு பாக்கெட்கூடத் தொலையாவிட்டாலும் இது நடக்கும். ஒற்றைப் பக்கம் அனுப்பிச் சோதித்த தொழில்நுட்பர், சரியாகிவிட்டது என்று சொல்லிப் போனபின் இருபது பக்க ஆவணம் நடுவில் அறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

டி.38

ஒலியை ஒலியாகவே அனுப்பும் இந்த முறைக்குப் பாஸ்-த்ரூ என்று பெயர். இதன் குறைகளுக்கு விடையாக 1998இல் ஐடியு-டி வகுத்ததுதான் டி.38. இதில் அடாப்டரோ கேட்வேயோ ஃபேக்ஸ் ஒலியை உள்வாங்கிப் பிட்டுகளாக அவிழ்த்துவிடுகிறது. அந்தப் பிட்டுகள்தான் இன்டர்நெட்டில் போகின்றன. எதிர்முனைக் கேட்வே அவற்றிலிருந்து மோடம் ஒலியைப் புதிதாக உண்டாக்கி அங்குள்ள இயந்திரத்துக்குக் கொடுக்கிறது. ஒவ்வொரு பாக்கெட்டிலும் முந்தைய ஒன்றிரண்டின் நகலையும் சேர்த்து அனுப்பலாம் என்பதால் ஒன்று தொலைந்தாலும் அடுத்ததில் அது கிடைத்துவிடும். ஒலி இரு முனையிலும் உள்ளூரிலேயே பிறப்பதால் கடிகார விலகலின் பாதிப்பும் பெருமளவு போய்விடுகிறது. ஓட்டமும் 80 கிலோபிட்டைவிட மிகக் குறைவு. விஓஐபியில் நேரடி ஃபேக்ஸுக்கு இதைவிடச் சிறந்த நெறி இல்லை.

அழைப்பு முதலில் சாதாரணப் பேச்சாகவே தொடங்குகிறது. பெறும் பக்கத்துக் கேட்வே ஃபேக்ஸ் குறிகளைக் கண்டதும், பேச்சை நிறுத்தி டி.38க்கு மாறலாம் என்று எஸ்ஐபி நெறியில் மறு-அழைப்பு ஒன்றை அனுப்புகிறது. எதிர்ப்பக்கம் ஒப்புக்கொண்டால் வழி மாறும். அதற்கு டி.38 தெரியாவிட்டால் 488 என்ற எண்ணுடன் மறுப்பு வரும், அழைப்பு ஜி.711இலேயே தத்தளிக்கும். இரு பக்கமும் ஒரே நேரத்தில் மறு-அழைப்பு விட்டால் 491 வரும். அலுவலக ரவுட்டரில் எஸ்ஐபி ஏஎல்ஜி என்னும் வசதி இயங்கினால் அது இந்தச் செய்திகளைத் திருத்திக் குழப்பிவிடுவது வழக்கம். பேச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே டி.38 மட்டும் ஒருவழிப் பாதையாகிவிடும். ஃபேக்ஸ் தொடங்கிச் சரியாகப் பத்துப் பதினைந்து விநாடியில் அறுகிறதென்றால் முதலில் பார்க்க வேண்டியது இந்த மாற்றக் கட்டத்தைத்தான்.

டி.38க்கும் ஒரு பெரிய நிபந்தனை உண்டு. வழியில் உள்ள எல்லாரும் அதை ஆதரிக்க வேண்டும். அலுவலக அடாப்டரும் பிபிஎக்ஸ் என்னும் அலுவலக எக்ஸ்சேஞ்சும் டி.38 பேசினாலும், வெளி இணைப்பான ட்ரங்கைத் தரும் நிறுவனமும் பேச வேண்டும். அந்த நிறுவனம் அழைப்பைக் கைமாற்றும் அடுத்த நிறுவனமும் பேச வேண்டும். தொலைபேசி நிறுவனங்கள் ஒவ்வொரு அழைப்பையும் அந்த நேரத்தில் மலிவான வழியில் விடுகின்றன. ஒரே எண்ணுக்குப் போகும் இரண்டு அழைப்புகள் இரண்டு வழிகளில் போகலாம், ஒன்றில் டி.38 இருக்கும், மற்றதில் இருக்காது. காலையில் போன தாள் மாலையில் போகாத மர்மத்துக்குப் பெரும்பாலும் இதுதான் விடை. அலுவலகத்துக்குள் எவ்வளவு திருகினாலும் இது தீராது. ஆகவே இணைப்பு வாங்கும்போதே, முனைக்கு முனை டி.38க்கு ஒத்துக்கொள்ளும் நிறுவனமா என்று எழுத்தில் கேட்டுப் பெறுவது, எந்த அடாப்டர் வாங்குவது என்ற கேள்வியைவிட முக்கியம்.

பொருத்துவதும் திருகுவதும்

அடாப்டர்களில் இரண்டு வகைத் துளைகள் இருக்கலாம். எஃப்எக்ஸ்எஸ் துளை டயல் டோனும் மின்சாரமும் தரும். ஃபேக்ஸ் இயந்திரம் அதில்தான் சேர வேண்டும். எஃப்எக்ஸ்ஓ துளை எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும் லைனுக்கு உரியது. மாற்றிச் செருகினால் இயந்திரத்துக்கு டயல் டோனே கேட்காது. கிராண்ட்ஸ்ட்ரீம் எச்டி801, எச்டி802 போன்ற சிறு அடாப்டர்களில் டி.38 உள்ளடங்கி வருகிறது. ஆஸ்டெரிஸ்க் பிபிஎக்ஸில் எஸ்ஐபி முனைக்கு டி.38 வழியைத் திறந்துவிட வேண்டும். அது முன்னிருப்பாக மூடியிருக்கும். ஆஸ்டெரிஸ்கிலும் ஃப்ரீஸ்விட்ச்சிலும் ஃபேக்ஸை மென்பொருளிலேயே முடித்துவைக்க உதவுவது ஸ்டீவ் அண்டர்வுட் எழுதிய ஸ்பேன்டிஎஸ்பி நிரல்தொகுப்பு. கட்டற்ற மென்பொருள் உலகில் ஃபேக்ஸ் இவ்வளவு காலம் உயிரோடு இருப்பதில் அதன் பங்கு பெரியது.

அடாப்டரில் மௌனச் சேமிப்பை அணைப்பது, ஜிட்டர் பஃபரை நிலையான அளவில் வைப்பது, கோடெக்கை ஜி.711 ஒன்றிலேயே கட்டிப்போடுவது, ரவுட்டரில் இந்த ஓட்டத்துக்கு முன்னுரிமை தருவது ஆகியவை டி.38 இருந்தாலும் இல்லாவிட்டாலும் செய்ய வேண்டியவை. இந்தியாவில் ஜி.711இன் ஏ-லா வடிவமும் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் மியூ-லா வடிவமும் வழக்கில் உள்ளன. தேவையில்லாத இடத்தில் ஒன்றை மற்றொன்றாக மாற்றுவது சிறிது இரைச்சலைச் சேர்க்கும். கால் வெயிட்டிங் ஒலி ஃபேக்ஸ் நடுவே நுழைந்தால் பக்கம் போய்விடும், அதையும் நிறுத்திவிட வேண்டும்.

இயந்திரத்தின் பக்கம் முதலில் கைவைக்க வேண்டியது சூப்பர் ஜி3. இது 33,600 பிட் வேகம் தரும் வி.34 மோடம் முறை. டி.38இன் தொடக்க வடிவங்கள் 14,400 பிட்டோடு நின்றுவிட்டன, வி.34 பின்னர் வந்த மூன்றாம் வடிவத்தில்தான் சேர்ந்தது. பல கேட்வேகளில் இன்னும் பழைய வடிவமே ஓடுகிறது. இயந்திரத்தின் மெனுவில் வி.34ஐ அணைத்து வேகத்தை 9,600 ஆகக் குறைத்தால் ஒரு பக்கத்துக்குச் சில விநாடிகள் கூடும், தாள் போய்ச் சேரும் வாய்ப்பு நன்றாகக் கூடும்.

ஈசிஎம் என்னும் பிழைதிருத்தம் பற்றி இரு கருத்துகள் உண்டு. அது இயங்கும்போது பக்கம் சிறு சட்டங்களாகப் போகிறது. கெட்ட சட்டங்களைப் பெறுபவர் திரும்பக் கேட்கிறார். நான்கு முறை கேட்டும் சரியாகவில்லை என்றால் வேகத்தைக் குறைப்பார்கள் அல்லது இணைப்பே முறியும். மோசமான இணைப்பில் ஈசிஎம் இருந்தால் ஃபேக்ஸ் அடிக்கடி தோற்கும். அதை அணைத்துவிட்டால் போய்விடுகிறது என்று பல தொழில்நுட்பர்கள் அணைத்துவிடச் சொல்கிறார்கள். போவது உண்மைதான், ஆனால் எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டும். ஈசிஎம் இல்லாதபோது கெட்டுப்போன வரிக்குப் பதில் பல இயந்திரங்கள் முந்தைய வரியையே மறுபடி அச்சிடும் அல்லது வெள்ளையாக விடும். சாதாரண நுணுக்கத்தில் அரை மில்லிமீட்டர் உயரமுள்ள ஒரு தசமப் புள்ளி இரண்டே வரிகளில் அடங்கிவிடுகிறது. அந்த இரண்டு வரிகள் கெட்டால் மருந்துச் சீட்டில் 0.5 மில்லிகிராம் என்பது 05 ஆகிவிடும். அனுப்பிய இயந்திரமோ வெற்றி என்று ரசீது அச்சிடும். மருந்துக்கடைக்கும் மருத்துவமனைக்கும் நீதிமன்றத்துக்கும் போகும் ஃபேக்ஸில் ஈசிஎம்மை அணைப்பது தவறு. தோற்று நின்ற ஃபேக்ஸைத் திரும்ப அனுப்பிக்கொள்ளலாம். பிழையோடு போய்ச் சேர்ந்த ஃபேக்ஸை யாரும் திரும்பப் பார்க்கமாட்டார்கள்.

வேறு வழிகள்

நேரடியாக அனுப்பும் பிடிவாதத்தை விட்டால் வழிகள் எளிதாகின்றன. கிடைக்கும்வரை ஒரே ஒரு அனலாக் லைனை ஃபேக்ஸுக்கென்று வைத்துக்கொள்வது பழைய யோசனை. நாளுக்குச் சில தாள்கள் மட்டும் போகிற இடத்தில் அது இன்றும் செலவுக்குத் தகுந்தது. பெரிய நிறுவனங்களில் பிஆர்ஐ என்னும் டிஜிட்டல் தொலைபேசி இணைப்பு இருந்தால் ஃபேக்ஸை அதன் வழியே விடலாம். அங்கே கடிகாரம் எக்ஸ்சேஞ்சோடு பூட்டப்பட்டிருக்கிறது. ஆனால் இவை இரண்டும் நாள் குறிக்கப்பட்டவை.

எதிர்காலமுள்ள வழி, அழைப்பைச் சேமிப்பிலிருந்து பிரிப்பது. ஃபேக்ஸ் சர்வர் தாளைப் படமாகப் பெற்று வைத்துக்கொண்டு, நிதானமாக அனுப்பி, தோற்றால் தானே மறுபடி முயலும். வரும் ஃபேக்ஸை உரியவருக்கு மின்னஞ்சலில் தரும். சாம் லெஃப்லர் தொடங்கிய ஹைலாஃபேக்ஸ் இத்தகைய மென்பொருள்களில் மூத்த ஒன்று. இயந்திரத்தை மாற்ற மனமில்லாத அலுவலகங்களுக்கு இன்னொரு வகை அடாப்டர் கிடைக்கிறது. அது இயந்திரம் தரும் முழு ஃபேக்ஸையும் மேசையிலேயே பெற்றுக்கொண்டு, எச்டிடிபிஎஸ் வழியே சேவை நிறுவனத்துக்குக் கோப்பாக அனுப்பிவிடும். மோடம் ஒலி பயணம் செய்வது இயந்திரத்துக்கும் அடாப்டருக்கும் நடுவில் உள்ள ஒரு மீட்டர் கம்பியில் மட்டும்தான். ஊழியர்களின் பழக்கம் மாற வேண்டியதில்லை. ஒரு குறை: உடனடி வெற்றி ரசீது, எதிர்முனை பெற்றதைக் குறிக்கிறதா, சேவை நிறுவனம் பெற்றதை மட்டும் குறிக்கிறதா என்று தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும்.

மின்சாரமும் பாதுகாப்பும் தனியே கவனிக்க வேண்டியவை. பழைய லைனுக்கு எக்ஸ்சேஞ்சே மின்சாரம் தந்தது; இப்போது அடாப்டர், ரவுட்டர், ஓஎன்டி மூன்றுக்கும் யுபிஎஸ் வேண்டும். டி.38 ஓட்டம் பொதுவாக மறைகுறியாக்கப்படுவதில்லை. பேச்சுக்கு எஸ்ஆர்டிபி என்னும் மறைகுறியாக்கம் இயங்கினாலும் அது ஃபேக்ஸைக் காப்பதில்லை. அதற்கான டிடிஎல்எஸ் ஏற்பாடு 2014இல் வகுக்கப்பட்டும் பரவலாகவில்லை. நோயாளி விவரம் போகும் இணைப்பை விபிஎன்னுக்குள் வைப்பது நல்லது. ஃபேக்ஸ் என்றாலே பாதுகாப்பு என்ற எண்ணமும் பழையதாகிவிட்டது: ஃபேக்ஸ் எண்ணை மட்டும் அறிந்து, படமாக வேடமிட்ட கோப்பின் மூலம் பல்செயல் பிரின்டருக்குள் நுழைய முடியும் என்று 2018 ஆகஸ்டில் செக் பாயின்ட் ஆய்வாளர்கள் எச்பி இயந்திரங்களில் செய்துகாட்டினார்கள். ஜெர்மனியின் பிரேமன் மாநிலத் தரவுப் பாதுகாப்பு அலுவலகம் 2021இல் தனிப்பட்ட தரவுகளுக்கு ஃபேக்ஸ் ஏற்றதல்ல என்றே அறிவித்தது.

இணைப்பை ஒப்புக்கொள்ளும் முன் சோதனை கடுமையாக இருக்க வேண்டும். ஒற்றைப் பக்கம் போதாது. எழுத்து நெருக்கமும் படமும் கலந்த இருபது பக்க ஆவணத்தை, அலுவலக வேலை உச்சத்தில் இருக்கும் நேரத்தில், இரு திசைகளிலும், வெவ்வேறு தொலைபேசி நிறுவனங்களின் எண்களுக்கு, ஒரு வாரம் தொடர்ந்து அனுப்பிப் பார்க்க வேண்டும். தோற்ற அழைப்புகளின் பாக்கெட்டுகளை வயர்ஷார்க்கில் பிடித்தால் டி.38 மாற்றம் நடந்ததா, ஒத்திகை தேறியதா, எந்தப் பக்கத்தில் அறுந்தது என்று வரிவரியாகத் தெரியும். சேவை நிறுவனத்தோடு வாதாட அந்தப் பதிவு கையில் இருக்க வேண்டும். பெறப்பட்ட தாளை அசலோடு வைத்து எண்களைச் சரிபார்க்க வேண்டும். இந்தச் சோதனையில் தேறாத இணைப்பில் மருந்துச் சீட்டையும் நீதிமன்ற ஆவணத்தையும் அனுப்பக்கூடாது.